கூட யாருடி நின்னது

அந்த நாடகத்தின் பெயரை யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுவேன். அதனால் சொல்லப் போவதில்லை. ராஜாவை வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்துத் தூக்கத்திலேயே குத்திக் கொன்ற தளபதியின் கதை என்றால் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குப் புரிந்துவிடும். படிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: அவன் கொன்றான், பெண்டாட்டி தூண்டிவிட்டாள், அவன் ராஜாவும் அவள் ராணியும் ஆனார்கள், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை, கடைசியில் முதலில் அவள் செத்தாள், பிறகு அவனும் செத்தான். கடைசி வாய்ப்புக்கு முன்னாலேயே இந்த ஒரே பேப்பரில் நான் இரண்டு தடவையும் என் சிநேகிதி மூன்று தடவையும் ஃபெயில்.

அவள் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவாள். "கூட நின்னவங்களயெல்லாம் உட்டுட்டு என் பேர மட்டும் எதுக்குடி போட்ட?" என்பாள். நான் மிகைப்படுத்தவில்லை. அவள் அப்படித்தான்.

முதன்முதலில் என்னிடம் அவள் பேசியதே கூட நின்றவர்களைப் பற்றித்தான். அரியர் வைத்தவர்களுக்காக நடந்த ஒரு டுடோரியலில், வாத்தியார் வருவதற்கு முன்னால், நான் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நாடகத்திலிருந்து இரண்டு வரியை எடுத்துக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்கச் சொல்வார்கள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது, என்ன பொருள். நாலு வரி எழுதினால் அஞ்சு மார்க். ரோஸ் கலர் அட்டை போட்ட ஒரு கைடு இருந்தது. அதில் நாற்பது மேற்கோளுக்கு அந்த நாலு வரியையும் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதைப் படிக்காமல் யாரும் பி.ஏ. முடித்ததில்லை. டுடோரியல் வாத்தியாரே அதைத்தான் பார்த்துச் சொல்லுவார்.

பக்கத்து பெஞ்சில் இருந்த உயரமான கறுத்த பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் பொண்டாட்டிகிட்ட சொல்றான்னு சொல்றியே, கூட யாருடி நின்னது?"

"எங்க?"

"அந்த ரூம்லதான். அவன் சொல்லசொல்ல வேற யாரு நின்னுனு இருந்தாங்க?"

"கைடுல போடலயே."

"போடலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

முன்பின் தெரியாத என்னை எடுத்த எடுப்பில் 'டி' போட்டுப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் அந்த இரண்டு வரியை விடவே இல்லை. அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் எனக்கும் அந்த அறையில் வேறு யார் நின்றார்கள் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

அவள் வைத்திக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றாள். மகள் நோணாங்குப்பம் போட் ஹவுஸில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலையில் தினக்கூலியாக இருந்தாள். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கரையில் ஏலம் நடக்கும்போது அவளுடைய அம்மா சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தாளாம்: கத்துகிறவனைப் பார்க்காதே, வாயைத் திறக்காமல் கூடையோடு நிற்கிறவளைப் பார், கடைசியில் அவள்தான் மீனைத் தூக்கிக்கொண்டு போவாள்.

இந்தப் பழக்கம் நாடகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்களோடு அரியர் எழுதிய இன்னொருத்தி செலின். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். டீ கொண்டு வந்து வைத்தால் மகளுக்கே பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்லுவார். செலினுடைய அக்காவுக்கு மாதா கோயிலில் கல்யாணம் நடந்த ஆல்பம் வந்திருந்தது. புதுப்பெண்ணே எங்களுக்குப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை கவுன், தலையில் கிரீடம், மூன்று முழம் தரையில் புரளும் துணி. நான் வாய் வலிக்கப் புகழ்ந்தேன். என் சிநேகிதியோ ஒரு போட்டோவில் விரலை வைத்தாள்.

"இது யாரு, பின்னால குடை புடிச்சுனு இருக்கறவரு?"

"போட்டோக்காரரோட ஆளு," என்றாள் கல்யாணப்பெண்.

"பாரேன், வெயில் மொத்தமும் அவரு மூஞ்சில. கண்ணே தொறக்க முடியல. சாப்புட்டாரா அவரு?"

கல்யாணப்பெண் ஆல்பத்தை மூடிவிட்டாள். வெளியே வந்ததும் செலின் என்னைத்தான் திட்டினாள், ஏதோ நான் அழைத்து வந்த ஆள் மாதிரி. கவுன் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நானும் இவளைக் கேட்டேன். "கவுனா? பாக்கலடி," என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை.

ஆனால் அதே பழக்கம் ஒருநாள் என்னைக் காப்பாற்றியது. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைத்த பேப்பருக்கு என்னை எல்லார் எதிரிலும் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். அழுதுகொண்டே போட் ஹவுஸுக்குப் போனேன். வக்கீல் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவே இல்லை.

"கூட யாருடி நின்னது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "எவனோ ஒரு கட்சிக்காரன்."

"அவன் இன்னா பண்ணான்?"

யோசித்துப் பார்த்தேன். "தலையைக் குனிஞ்சுனு செருப்பையே பாத்துனு இருந்தான்."

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்குது, உன் மேல தப்பு இல்லன்னு. ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். மூஞ்ச கழுவினு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். அழுகை உண்மையிலேயே நின்றிருந்தது.

அவள் மூன்று தடவை ஃபெயிலானதற்கும் இதுதான் காரணம். அறிவு போதாமல் இல்லை. முதல் தடவை, ராஜா செத்துக் கிடக்கும்போது கதவைத் திறக்க வருகிற வாசற்காரனைப் பற்றி ஏழு பக்கம் எழுதினாள். அவனுக்கு உள்ளே நடந்தது தெரியாதே, காலையில் தெரியும்போது அவன் கதி என்ன என்று கவலைப்பட்டே ஒரு மணி நேரம் போய்விட்டது. இரண்டாம் தடவை ராணிக்குத் துணி மாற்றிவிடும் தாதிப்பெண். மூன்றாம் தடவை யார் என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை. எழுதியதெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும். கட்டுரைக் கேள்விகள் மட்டும் வெள்ளைத்தாளாகப் போயின.

நான் ஃபெயிலான கதை வேறு. எனக்கு மனப்பாடம் வரும், ஆனால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ராணி சொன்னதை ராஜா வாயில் போட்டுவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. பாடத்திட்டம் மாறுகிறது, பழைய அரியருக்கு இனிமேல் தேர்வு கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இதில் போனால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு, பட்டமே கிடையாது. அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும். பி.எட். சேரப் பட்டம் வேண்டும். எனக்கு மாமா ஒரு கம்பெனியில் கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார், ஜூன் வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கேயும் பட்டம்தான் கேட்டார்கள். வக்கீலுடைய வாயிலிருந்து தப்பிக்க எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்தோம். என் ஊர் பாகூர்ப் பக்கம். டவுனுக்குப் போகிற பஸ் நோணாங்குப்பத்தைத் தாண்டித்தான் போகும். காலை ஏழு மணிக்கு நான் இறங்கிக்கொள்வேன், செலின் ஸ்கூட்டியில் வருவாள். ஒன்பது மணிக்குத்தான் முதல் படகு. அதுவரைக்கும் படகுத்துறையில் உட்கார்ந்து படிப்போம். நாற்பது மேற்கோளையும் துண்டுச் சீட்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தோம். நானோ செலினோ உருவுவோம், இவள் சொல்ல வேண்டும். நாலு வரி. ஐந்தாவது வரி ஆரம்பித்தால் சீட்டைப் பிடுங்கிவிடுவேன். முதல் வாரம் முழுக்க நான் பிடுங்குவதும் அவள் தர மறுப்பதுமாகவே போனது.

ஆனால் அந்தக் காலைகள் மாதிரி நான் எதையும் அனுபவித்ததில்லை. அவள் சொல்ல ஆரம்பித்தால் கைடில் செத்துக் கிடந்த வரிகளெல்லாம் எழுந்து உட்காரும். கைகள் ஒரு இடத்தில் நிற்காது. இங்கே அவன், இங்கே அவள், அங்கே கதவு என்று லைஃப் ஜாக்கெட்டுகளை ஆட்களாக நிறுத்தி வைப்பாள். ஆரஞ்சு ஜாக்கெட் ராஜா. பெல்ட் அறுந்தது வாசற்காரன். எனக்குக் கலப்பது நின்றுபோனது. யார் எங்கே நின்றார்கள் என்று தெரிந்துவிட்டால் யார் சொன்னது என்பது தானாக வந்துவிடுகிறது.

சேகர் அண்ணன் என்று ஒரு படகோட்டி இருந்தார். ஜாக்கெட்டைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்று கேட்பார். ஒருநாள் விருந்துக் காட்சி. தளபதி ஆள் வைத்துக் கொன்ற நண்பனே ஆவியாக வந்து அவனுடைய நாற்காலியில் உட்காருகிற இடம். கைடில் அந்த மேற்கோளுக்கு 'ஆவியிடம் சொன்னது' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். அவள் அதோடு விடுவாளா.

"ஆவிய அவன் மட்டுந்தான் பாக்கறான். ஆனா பந்தில பத்து பதினஞ்சு பேரு உக்காந்துனு இருக்காங்க. அவங்களுக்கு அது வெறும் நாற்காலி. ராஜா வெறும் நாற்காலியப் பாத்துக் கத்தறான். தட்டுல கறி இருக்குது. கைய வெக்கறதா, எடுக்கறதா? எழுந்து போலாமா, போனா இவன் கொன்னுடுவானா? ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கறான். அவங்களுக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, யாரு கொன்னதுன்னு."

அன்று படகு சீக்கிரமே நிரம்பிவிட்டது. பாரடைஸ் பீச்சுக்குப் போக வெளியூர் ஆட்கள் இருபது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சேகர் அண்ணன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்புறம் இன்னா ஆச்சும்மா? எழுந்து போனாங்களா?"

"அண்ணே, படகுல ஆள் காத்துனு இருக்காங்க," என்றேன்.

"இருக்கட்டும்மா, ஒரு நிமிஷம். போனாங்களா இல்லயா?"

படகில் இருந்த ஒரு அம்மாவும் எட்டிப் பார்த்து, "சொல்லும்மா, போனாங்களா?" என்று கேட்டார். போனார்கள், ராணிதான் அனுப்பினாள் என்று இவள் சொன்ன பிறகுதான் மோட்டார் ஓடியது. அன்றைக்கு அவள் சொன்னது பன்னிரண்டு வரி. நான் சீட்டைப் பிடுங்கவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. கைடு எங்களுக்குப் போதும். அவளுக்குப் போதவில்லை. நூலகத்திலிருந்து முழு நாடகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று என் பஸ் நோணாங்குப்பத்தில் நிற்கும் முன்பே ரோட்டோரமாக ஓடி வந்தாள். தலை வாரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"அவ செத்துட்டாடி. செத்துப்போயிட்டா அவ."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். "யாருடி?"

"ராணி."

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ பாவம். சின்ன வயசா?"

"வயசு போடலம்மா," என்றாள் இவள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து. "தூக்கத்துல நடக்கற வியாதி இருந்துச்சு."

பஸ்ஸே உச்சுக் கொட்டியது. நான் இறங்கும்போது கண்டக்டர்கூட, பாத்து இறங்கும்மா, மனச தளர உடாத என்றார். இறங்கியதும் அவளை அடிக்கப் போனேன். அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினாள்.

நாடகத்தின் கடைசிப் பகுதியில், வாழ்க்கைக்கே அர்த்தம் இல்லை என்று அவன் வெறுத்துப்போய்ப் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. இருப்பதிலேயே பேர்போன இடம் அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் கேட்பார்கள். ரோஸ் கைடில் 'தளபதி தன் மனைவியிடம் சொன்னது' என்று போட்டிருந்தது. நான் அதை நூறு தடவையாவது ஒப்பித்திருப்பேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் ஒப்பித்தார்களோ.

அவள் நூலகப் புத்தகத்தை விரித்து வைத்தாள். "இங்க பாரு. உள்ள பொம்பளைங்க அழுவற சத்தம் கேக்குது. ஒருத்தன் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான், ராணி எறந்துட்டாங்கன்னு. அதக் கேட்டுட்டுத்தான் அவன் இத சொல்றான். செத்துப்போனவகிட்ட எப்படிடி சொல்லுவான்?"

செலினும் நானும் மாறி மாறிப் படித்தோம். சந்தேகமே இல்லை. எங்கள் ஊரே வருஷக்கணக்காக அவனைச் செத்துப்போன பெண்டாட்டியோடு பேச வைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. செலின் படகுத்துறைப் பலகையில் விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"சேதி கொண்டாந்தவன் அங்கயே நிக்கறாண்டி. அவன் போனான்னு போடல. ராஜா பாட்டுக்குப் பேசறான், இவனப் பாத்து இல்ல, யாரையும் பாத்து இல்ல. இவன் நின்னுனே இருக்கறான்."

"சரி, அதுக்கு?"

"எனக்குத் தெரியும் அது," என்றாள். "எதுத்த வூட்டு அண்ணன் கடல்ல முழுகிப் பூட்டாருன்னு கரைக்கு சேதி வந்தப்ப எனக்குப் பத்து வயசு. பெரியவங்க ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நீ ஓடிப்போய் சொல்லுன்னு என்ன அனுப்பிட்டாங்க. அவரு பொண்டாட்டி, அந்த அக்கா, மீன் அலசினு இருந்துச்சு. சொன்னேன். அது ஒண்ணும் பேசல, அலசினே இருந்துச்சு. எனக்குப் போறதா இருக்கறதான்னு தெரியல. போன்னு சொல்ல அங்க யாரும் இல்ல. அப்படியே நின்னேன்."

அவள் அதற்கு மேல் போகவில்லை. ஒன்பது மணி ஆனதும் டிக்கெட் கூண்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் நான்தான் பேச்சை எடுத்தேன். "தேர்வுல இது வந்தா மனைவியிடம்னே எழுதுவோம்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"திருத்தறவங்களும் இந்தக் கைட வெச்சுத்தான் திருத்துவாங்க. நம்ம வாத்தியாரே அதத்தான் சொல்றாரு. நாம மட்டும் வேற எழுதினா நாமதான் தப்புன்னு போட்டுடுவாங்க. மூணு பேரும் ஒரே மாதிரி எழுதினா அதுதான் சரின்னு ஆயிடும். இது கடைசி சான்சுடி. பாஸ் ஆனதுக்கப்புறம் நீ டீச்சரா ஆயி எல்லாருக்கும் சரியா சொல்லிக் குடு, யாரு வேணாம்ன்றது?"

செலின் சரி என்று தலையை ஆட்டினாள். இவள் சீட்டுக் கட்டின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள். நான் கையை நீட்டினேன். கடைசியில் என் கையில் கை வைத்து, "சரிடி, பொண்டாட்டின்னே எழுதறேன்," என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் பாஸாக வேண்டும் என்று என்னைவிட யாரும் ஆசைப்பட்டிருக்க முடியாது.

தேர்வில் அது வந்தது. இரண்டாவது மேற்கோளே அதுதான். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மனைவியிடம் சொன்னது என்று மூச்சுவிடாமல் எழுதி முடித்தேன். அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிலாவது மாட்டிக்கொண்டால் நான் இரும வேண்டும், உடனே அவள் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நிமிர்ந்து பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். இருமினேன். அசையவில்லை. இன்னும் பலமாக இருமினேன். கண்காணிப்பாளர் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவள் பேனாவை எடுத்திருந்தாள். அதற்கப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் அவள் தலை நிமிரவே இல்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா எழுதின?"

"மன்னிச்சுக்கடி. கை வரல."

"எத்தன பக்கம்?"

"நாலே வரி. அவ செத்துட்டா, அவன் யாருகிட்டயும் சொல்லல, சேதி கொண்டாந்தவன் கூட நிக்கறான்னு. அவ்வளவுதான்."

"அப்ப பேனாவ வெச்சுட்டு எதுக்கு உக்காந்துனு இருந்த?"

"அஞ்சாவது வரி வந்துச்சுடி. எழுதாம அடக்கினு உக்காந்தேன்."

வேறு நாளாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கை வைத்துச் சொன்னாளே. ஃபெயிலானால் என்னிடம் வந்து அழாதே என்று சொல்லிவிட்டு அவளை விட்டு வேகமாக நடந்தேன். செலின் என்ன எழுதினாள் என்று பிறகு தெரிந்தது. 'தன்னைச் சுற்றி இருந்தவர்களிடம்' என்று மழுப்பியிருந்தாள்.

ரிசல்ட்டை ஒரு பிரௌசிங் சென்டரில் பார்த்தோம். செலின் நாற்பத்தேழு. அவள் ஐம்பத்தொன்று. நான் முப்பத்தெட்டு. பாஸ் மார்க் நாற்பது.

என்னால் நம்ப முடியவில்லை. கூட்டலில் தப்பு இருக்கும் என்றேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். மறுகூட்டலுக்கும் விடைத்தாள் நகலுக்கும் எழுதிப் போட்டேன். கூட்டலில் மாற்றம் இல்லை என்று கடிதம் வந்தது. நகலைக் காலாப்பட்டு யூனிவர்சிட்டிக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவள் கூட வந்தாள். இரண்டு மணிக்கு டியூட்டிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, காலையில் வேறொருத்தியைக் கூண்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கவரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து பிரித்தேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. 'மனைவியிடம்' என்ற இடத்தில் ஒரு கோடு. திருத்தியவர் சிவப்பு மையில் எழுதியிருப்பார், ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரிந்தது. ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து: அவள் இப்போது உயிரோடு இல்லை, மூலத்தைப் படிக்கவும். அதற்குப் பக்கத்தில் ஒரு சைபர்.

"படிச்சிருக்காருடி," என்றாள் அவள். "பாரேன், யாரோ ஒருத்தரு முழுசா படிச்சிருக்காருடி." கையைத் தட்டினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எந்த ஊரோ. எந்த வூட்டுல உக்காந்து திருத்தினாரோ. எத்தன நூறு பேப்பர்ல இந்த பொண்டாட்டியப் பாத்திருப்பாரு. அப்பவும் உடாம கோடு போட்டு எழுதறாரு பாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்குது, அவ செத்துட்டான்னு. நான் எழுதினத படிச்சப்ப இன்னா நெனச்சிருப்பாருடி?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த நொடியில் சிலிர்த்தது. முகம் தெரியாத அந்த ஆளை எனக்கும் பிடித்துப்போனது. அப்புறம்தான் முப்பத்தெட்டு என்பது புரிந்தது. கைடு தப்பு என்று தெரிந்துகொண்டே எழுதினேன். மூன்று வருஷமும் போய்விட்டது. இனி எழுதுவதற்குத் தேர்வே இல்லை.

அவள் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பேச்சின் நடுவில் என் முகத்தைப் பார்த்தாள். கைகள் அப்படியே நின்றன. நான் தாள்களைக் கவரில் போட முயன்றேன். போகவில்லை. அவளும் வாங்கிப் போட்டுத் தரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

டவுன் பஸ் ஒன்று வந்தது.

"நீ போடி," என்றேன். "ரெண்டு மணிக்கு டியூட்டி."

"போறேன்," என்றாள்.

பஸ் கிளம்பியது. அடுத்ததும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.